பணியிடத்தில் எல்ஜிபிடிக்யூ ஊழியர்களை உள்ளடக்குவது என்றால் என்ன? வேலை கொடுத்தால் போதாதா?

போதாது. ஒருவர் தன்பாலின ஈர்ப்பாளராகவோ, திருநங்கை, திருநம்பி போன்ற திருநராகவோ இருப்பதை மறைக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல், அதற்காகக் கேலிக்கும் ஆளாகாமல் வேலை பார்க்க முடிவதுதான் உள்ளடக்கம்.

காரணம், மறைப்பதே ஒரு தனி வேலை. கோவையிலிருந்து வாளையார் தாண்டி கேரளத்தில் இருக்கும் கஞ்சிக்கோடு கம்பெனிக்குப் போகிற ஒருவர், தமிழர் என்றே தெரியாமல் ஷிப்ட் முழுக்க மலையாளத்தில் சமாளிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேசுவார். வீட்டிலிருந்து போன் வந்தால் வெளியே ஓடுவார். சாப்பாட்டு நேரத்தில் 'வீட்டில் யார் யார்?' என்று கேட்டால் சொல்ல ஒரு கதை தயாராக வைத்திருப்பார். அப்புறம் மிஷின் மேல் கவனம் எங்கே நிற்கும்?

கேரளம் 2015-லேயே திருநர் கொள்கை கொண்டுவந்த மாநிலம். 2017-இல் கொச்சி மெட்ரோ திருநர்களை வேலைக்கு எடுத்தது. ஆனால் சிலர் சீக்கிரமே விலகினார்கள். சம்பளம் இருந்தும் அவர்களுக்கு வாடகைக்கு அறை கொடுக்க ஆளில்லை! ஆக தங்குமிடம், கழிப்பறை, அடையாள அட்டையில் சரியான பெயர் இதெல்லாம்தான் முதலில். எல்ஜிபிடிக்யூ அடையாளமான வானவில் கொடி கட்டுவதெல்லாம் என் கணக்கில் கடைசி.

2019-ஆம் ஆண்டின் திருநர் சட்டப்படி நிறுவனங்களில் புகார் அலுவலர் இருக்க வேண்டும். தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு இப்படித் தனிச் சட்டம் இல்லை. நிறுவனத்தின் விதிகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

சரி, 'அப்படியானால் எல்லோரும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டுமா?' என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம், சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம், எச்ஆர் துருவிக் கேட்கவும் கூடாது.