சார்ஜ் ஏறுகிறது என்று காட்டுகிறது, சதவீதம் இறங்குகிறது

கேள்வி: சார், திருச்சியில் கால் டாக்சி ஓட்டுகிறேன். வாரத்துக்கு இரண்டு சென்னை டிரிப் வரும். என்னுடையது 25 வாட் சாம்சங் போன், 5000 எம்ஏஎச் பேட்டரி, வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. மேப் போட்டுக்கொண்டு ஓட்டினால் சார்ஜில் இருக்கும்போதே பேட்டரி இறங்குகிறது. திருச்சியில் 80-இல் கிளம்பினால், மூன்று மணி நேரம் கழித்து விழுப்புரம் வரும்போது 50. முதலில் வண்டியிலேயே இருக்கிற யுஎஸ்பி-யில் போட்டேன், அப்புறம் ஒரு சின்ன சார்ஜர், இப்போது 38 வாட் என்று பெரிதாக எழுதிய ஒன்று. எல்லாவற்றிலும் இதே கதைதான். வீட்டில் கம்பெனி சார்ஜரில் போட்டால் மட்டும் ஜம்மென்று ஏறுகிறது. மச்சானுடைய ஒன்பிளஸ் போனும் இந்தச் சார்ஜரில் ஆமை வேகம்தான். எந்தச் சார்ஜர் வாங்கினால் இந்தப் போன் ஒத்துக்கொள்ளும்? இப்போது இருப்பதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: நான்காவது சார்ஜர் வாங்காதீர்கள், இப்போதைக்கு. படத்தைப் பார்த்ததும் என் கண் போனது சார்ஜர் மேல் இல்லை, அதில் தொங்குகிற கேபிள் மேல்தான். போனில் சொருகுகிற முனைக்குப் பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. சார்ஜரை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் கேபிள் அதே கேபிள்தானே?

நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். 5000 எம்ஏஎச் பேட்டரி முழுதாக நிரம்பினால் அதில் ஏறத்தாழ 19 வாட்-மணி இருக்கும். அதில் 30 சதவீதம் என்றால் 6-க்குக் கொஞ்சம் குறைவு. அது மூன்று மணி நேரத்தில் கரைந்திருக்கிறது, ஆக எந்நேரமும் சுமார் 2 வாட் பற்றாக்குறை. முழு வெளிச்சத்தில் திரை, ஜிபிஎஸ், டேட்டா எல்லாம் சேர்ந்து மேப் ஓடுகிற போன் 4 வாட் சுமாருக்கு இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், உள்ளே வருவது இரண்டு, இரண்டரை வாட்தான். அந்த இரண்டரையைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஆளைக் கண்ட மாதிரி இருந்தது. 5 வோல்ட், அரை ஆம்பியர். யுஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு சாதாரண கம்ப்யூட்டர் போர்ட் கொடுக்கிற அளவு அது. எதிரே இருப்பது என்ன என்று தெரியாதபோது பெரும்பாலான போன்கள் இந்த அளவோடு நின்றுவிடும். உங்கள் போன் அடம் பிடிக்கவில்லை, பயப்படுகிறது.

எதற்குப் பயம் என்றால், அதிகமாக இழுத்து எதிரே இருப்பதைக் கெடுத்துவிடக் கூடாது என்றுதான். அதனால் சார்ஜ் ஏறும் முன் போனும் சார்ஜரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்கின்றன. உங்கள் கேபிளின் ஒரு முனை பழைய அகலமான ஏ வகை, மறுமுனை சி வகை. இந்த மாதிரிக் கேபிளில் மின்சாரத்துக்குச் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு கம்பி, பேச்சுக்குப் பச்சை, வெள்ளை என்று இரண்டு கம்பி. சார்ஜருக்குள் பச்சையும் வெள்ளையும் ஒன்றாக இணைந்திருந்தால், ‘இது கம்ப்யூட்டர் இல்லை, சார்ஜர்தான், ஒன்றரை ஆம்பியர் வரை எடுக்கலாம்’ என்று போன் புரிந்துகொள்ளும். குவிக் சார்ஜ் வகை சார்ஜர் என்றால் அதே இரண்டு கம்பியில் போன் சின்னச் சின்ன வோல்ட்டேஜ் வைத்து ‘9 வோல்ட் கொடு’ என்று கேட்கும். கேபிள் தினமும் மடங்கி மடங்கி இந்த இரண்டில் ஒன்று அறுந்துவிட்டது என்று வையுங்கள். சிவப்பும் கறுப்பும் நன்றாக இருப்பதால் மின்சாரம் போகும், ‘சார்ஜ் ஆகிறது’ என்று திரையிலும் வரும். கேள்வி மட்டும் போய்ச் சேராது. 38 வாட் என்ன, 100 வாட் சார்ஜர் வைத்தாலும் போன் அரை ஆம்பியரைத் தாண்டாது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம், காசு செலவில்லை. அந்தக் கேபிளால் போனை ஒரு லேப்டாப்பில் இணைத்து, போட்டோ காப்பி செய்ய முயன்று பாருங்கள். சார்ஜ் ஆகிறது ஆனால் லேப்டாப் போனைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால் பேச்சுக் கம்பி போய்விட்டது என்று அர்த்தம் (சில மலிவுக் கேபிள்களில் அந்த இரண்டு கம்பியை வைப்பதே இல்லை, வாங்கும்போதே ஊமை). நானும் ஒருமுறை நெடுஞ்சாலை ஓரக் கடையில் அப்படி ஒன்று வாங்கிவிட்டு, இரண்டு வாரம் சார்ஜரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

லேப்டாப் சோதனையில் கேபிள் தேறிவிட்டாலும் அதை முழுதாக நம்பாதீர்கள். கம்பி மெலிதாக இருந்தால் வழியிலேயே வோல்ட்டேஜ் தேய்ந்துவிடும். 28 கேஜ் கம்பியில் ஒரு மீட்டர் கேபிள், போக வர இரண்டு மீட்டர், 0.4 ஓமுக்கு மேல் தடை. 2 ஆம்பியர் இழுத்தால் 0.8 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே போய்விடும், 5 வோல்ட்டில் கிளம்பியது போனுக்கு 4.2-க்கும் கீழே வந்து சேரும், போன் உடனே இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதே நீளத்துக்கு 24 கேஜ் போட்டால் இழப்பு 0.35 வோல்ட்டுக்குள் நிற்கும். கேபிள் மேல் 24 என்றோ 28 என்றோ பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், எண் குறையக் குறையக் கம்பி தடிமன். காருக்கு அரை மீட்டர், மிஞ்சினால் ஒரு மீட்டர் போதும். பின் சீட் வரை நீட்டலாமே என்று இரண்டு மீட்டர் வாங்குவதுதான் நம்மவர்கள் செய்கிற தப்பு.

கேபிள்தானே என்று அலட்சியமாக நினைக்கிறவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்வேன். பென்சன் லியுங் என்ற கூகுள் பொறியாளர் 2015-இல் அமேசானில் விற்ற சி வகைக் கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து எழுத ஆரம்பித்தார். ஏ-யிலிருந்து சி-க்குப் போகிற கேபிளில் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்க வேண்டும், பல கேபிள்களில் 10 கிலோ ஓம் வைத்திருந்தார்கள். 10 என்றால் ‘3 ஆம்பியர் தாராளமாக எடுத்துக்கொள்’ என்று போனிடம் பொய் சொல்வதாக அர்த்தம், அந்தப் பக்கம் இருக்கிற போர்ட்டின் தலையில்தான் அது விடியும். 2016 பிப்ரவரியில் அவர் சோதித்த ஒரு கேபிளில் மின்கம்பியையும் எர்த் கம்பியையும் மாற்றி இணைத்திருந்தார்கள். சொருகியதும் அவருடைய லேப்டாப்பும் சோதனைக் கருவிகளும் போயே போய்விட்டன.

சரி, உங்கள் சார்ஜருக்கு வருவோம். படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். முகப்பில் ‘38 வாட்’. பக்கவாட்டில் பொடி எழுத்தில்: சி போர்ட்டுக்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2.22 ஆம்பியர், 12 வோல்ட் 1.67 ஆம்பியர். அதாவது சி போர்ட் 20 வாட், ஏ போர்ட் 18 வாட், இரண்டையும் கூட்டி 38 என்று எழுதிவிட்டார்கள். ஒரே போனுக்கு 38 ஒருபோதும் வராது. நீங்கள் கேபிள் சொருகியிருப்பது ஏ போர்ட்டில். சி போர்ட் புத்தம் புதிதாகச் சும்மா இருக்கிறது!

சி-யிலிருந்து சி-க்குப் போகிற கேபிள் போட்டால் பேச்சு வேறு கம்பியில், பவர் டெலிவரி என்ற முறையில் நடக்கும். சார்ஜர் தன்னிடம் இருப்பதை ஹோட்டல் சர்வர் மாதிரி வரிசையாகச் சொல்லும், ‘5 இருக்கு, 9 இருக்கு, 12 இருக்கு’ என்று. போன் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கும். சாம்சங்கின் 25 வாட் வேகத்துக்கு இந்தப் பட்டியலில் இன்னொரு பதார்த்தம் வேண்டும், பிபிஎஸ் என்று பெயர். வோல்ட்டேஜை 20 மில்லிவோல்ட் படியில் ஏற்றி இறக்கிக் கொடுக்கிற வசதி, பவர் டெலிவரி முறையில் 2017-இல் சேர்த்தது. இது இருக்கிற சார்ஜரில் ‘பிபிஎஸ் 3.3–11 வோல்ட், 3 ஆம்பியர்’ என்பது போல ஒரு வரி இருக்கும். உங்களுடையதில் அந்த வரி இல்லை. அதனால் 25 வராது, 9 வோல்ட்டில் 15 வாட் அளவுக்கு வரும்.

அந்த 15 போதும் என்பது என் கட்சி. மேப்புக்கு 4 வாட் போனாலும் வழியில் வீணாவது போகக் கிட்டத்தட்ட 10 வாட் பேட்டரிக்குச் சேரும். திருச்சியில் 50-இல் கிளம்பினாலும் விழுப்புரம் தாண்டுவதற்குள் ஏறக்குறைய நிரம்பிவிடும். 25 வாட் சார்ஜர் வாங்கினாலும், வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் மேப் ஓடுகிற போன் சூடாகித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கொடுத்த காசுக்கான வேகம் கையில் வராது. நடுநடுவே பத்து நிமிடம்தான் வண்டியில் உட்காருவேன், அதற்குள் ஏற வேண்டும் என்கிற ஆள் என்றால் பிபிஎஸ் சார்ஜர் வாங்கலாம். உங்கள் ஓட்டத்துக்குத் தேவையில்லை.

ஆக நீங்கள் வாங்க வேண்டியது ஒரு நல்ல சி-டு-சி கேபிள், ஒரு மீட்டர், 3 ஆம்பியர் (60 வாட் என்றும் எழுதியிருக்கலாம், அதுவும் இதுவும் ஒன்றுதான்). சொருகியதும் லாக் ஸ்கிரீனைப் பாருங்கள், வெறும் ‘சார்ஜிங்’ என்று வராமல் ‘ஃபாஸ்ட் சார்ஜிங்’ என்று வர வேண்டும். வராவிட்டால் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் ஃபாஸ்ட் சார்ஜிங் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு விஷயம், நீங்கள் சி-யில் போட்டிருக்கும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் சவாரி ஏ-யில் தன் போனைச் சொருகினால், சில சார்ஜர்களில் இரண்டும் பொசுக்கென்று 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும், உள்ளே இரண்டுக்கும் ஒரே சர்க்யூட் என்பதால். ஆளை வைத்துச் சோதித்துப் பாருங்கள், அப்படி ஆனால் மட்டும் சார்ஜர் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

மச்சான் போன் கதை வேறு. ஒன்பிளஸ் 2016-இல் டேஷ் சார்ஜ் கொண்டுவந்த நாளிலிருந்தே அந்தக் கம்பெனி வேகமான சார்ஜுக்குத் தன் சொந்தப் பாஷையைத்தான் நம்புகிறது (ஓப்போவின் வூக் முறை, இப்போது சூப்பர்வூக்). அந்த வேகம் வேண்டுமென்றால் அதே முறையைப் பேசுகிற சார்ஜரும் அவர்களுடைய கேபிளும் சேர்ந்தே இருக்க வேண்டும், ஒன்று மாறினாலும் போச்சு. புது மாடல்கள் பவர் டெலிவரியும் ஓரளவு பேசும், எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். அவர் தினமும் உங்கள் வண்டியில் வருகிறவர் இல்லையென்றால் இதற்காகத் தனிச் சார்ஜர் வாங்குவது வீண்.

வண்டியோடு வந்த யுஎஸ்பி-யை மறந்துவிடுங்கள், அது பாட்டு கேட்கவும் ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கும் வைத்தது, பல வண்டிகளில் அரை ஆம்பியர்தான்.

சாக்கெட்டையும் ஒரு பார்வை பாருங்கள். வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் போன் ‘டிங்’ என்று சத்தம் போடுகிறதா? அப்படியென்றால் சார்ஜர் ஆடுகிறது, ஒவ்வொரு முறை தொடர்பு விட்டுச் சேரும்போதும் பேச்சுவார்த்தை முதலிலிருந்து நடக்கிறது. பக்கவாட்டு ஸ்பிரிங்குகளைச் சற்றே வெளிப்பக்கம் நெம்பிவிட்டுச் சொருகுங்கள். உள்ளே தூசி எடுக்க ஸ்க்ரூடிரைவர் விடாதீர்கள், நடு முள்ளும் சுற்றுச்சுவரும் ஒட்டினால் வண்டியின் ஃப்யூஸ் போகும். போன் ஸ்டாண்டைக் கண்ணாடியிலிருந்து எடுத்து ஏசி காற்று வருகிற இடத்தில் மாட்டுங்கள், பெரம்பலூர் வெயிலில் இதுவே பாதி வைத்தியம். எஃப்எம்-இல் இரைச்சல் வருகிறதா என்று சார்ஜரைப் பிடுங்கியும் சொருகியும் கேட்டுப் பாருங்கள், சொருகினால் மட்டும் இரைகிறது என்றால் அது மட்டமான சரக்கு, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புதுக் கேபிள் வந்த அன்றைக்கே அந்த டேப் சுற்றிய கேபிளை இரண்டாக வெட்டிப் போடுங்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கட்டும் என்று வைத்தால், அவசரத்தில் கை அதைத்தான் எடுக்கும்.