மகளின் ஏர் பிஸ்டலுக்கு எந்தக் குண்டு?

திருவொற்றியூரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "என் மகள் பத்தாம் வகுப்பு. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். கடையில் ஒரே கம்பெனி குண்டிலேயே 4.49, 4.50, 4.51 என்று மூன்று டின்களை எடுத்து வைக்கிறார்கள். எடையிலும் லைட், ஹெவி என்று இரண்டு வகை. விலை கூடினதையே வாங்கிவிடட்டுமா?"

வேண்டாம் சகோதரி. எந்தக் குண்டு ஒத்துவரும் என்பதை விலை சொல்லாது, அவள் பிஸ்டலின் குழல்தான் சொல்லும். அந்த எண்கள் குண்டின் தலை விட்டம், மில்லிமீட்டரில். ஒரே மாடல் பிஸ்டல் இரண்டின் குழலும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. அதனால் தோழிக்குப் பொருந்திய டின் உங்கள் மகளுக்கும் பொருந்தும் என்று நம்ப முடியாது.

எடைக்குப் பதில் எளிது. ஹெவி எனப்படும் 0.53 கிராம் பெரும்பாலும் ரைஃபிளுக்கு. பிஸ்டலில் காற்றின் உந்துதல் குறைவு என்பதால் 0.45 முதல் 0.50 கிராம் வரையிலான லைட் போதும். குண்டு குழலை விட்டுச் சீக்கிரம் வெளியேறும். கை அசைவதற்குக் கிடைக்கும் நேரமும் குறையும். தலை தட்டையாக இருக்க வேண்டும். கூர்முனைக் குண்டு இலக்கு அட்டையைக் கிழித்துவிடும், புள்ளி எண்ண முடியாது.

இனி சோதனை. மூன்று அளவிலும் ஒவ்வொரு டின் வாங்கி, கோச்சிடம் பிஸ்டலைத் துணி சுற்றி வைஸில் (அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடிக்கச் சொல்லுங்கள். கையில் பிடித்துச் சுட்டால் தெரிவது கையின் குறைதான், குண்டின் குறையல்ல. ஒவ்வொரு டின்னிலும் ஐந்து ஐந்தாக, புது அட்டையில் சுடட்டும். ஒரு குண்டின் துளையே 4.5 மி.மீ. ஐந்தும் விழுந்த ஓட்டை, ஓரத்திலிருந்து ஓரம் 7 மி.மீ.க்குள் அடங்கினால் அதுதான் அவளுடைய குண்டு. அட்டையின் நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. என்பதை நினைத்துப் பாருங்கள். பிறகு டின்னில் உள்ள லாட் நம்பரை (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) குறித்துக்கொண்டு, அதே லாட்டில் சில டின்களைச் சேர்த்து வாங்குங்கள். லாட் மாறினால் பொருத்தமும் மாறலாம்.

ஆனால் அவள் குண்டுகள் இன்னும் ஏழாம் வளையம்வரை சிதறுகின்றன என்றால் இந்தச் சோதனைக்கு இப்போது அவசரமே இல்லை. அந்த வளையத்தின் விட்டம் 59.5 மி.மீ. அங்கே தலை அளவில் 0.01 மி.மீ. வித்தியாசம் எதையும் மாற்றாது. விலை குறைந்த தட்டைக் குண்டில் பழகட்டும். மிச்சப் பணத்தில் கூடுதல் நாள் ரேஞ்சுக்குப் போகட்டும்.

குண்டின் பின்பக்கம் பாவாடைபோல் விரிந்து, உள்ளே குழிவாக இருக்கும். காற்று அதை விரித்துக் குழலின் உட்புற வரிப்பள்ளங்களோடு அழுத்துகிறது. அந்த விளிம்பு நசுங்கினால் குண்டு கோணலாகப் போகும். கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பாருங்கள்: நல்ல குண்டு சீராக வளைந்து ஓடும், நசுங்கியது தத்தித் தத்திப் போகும். கீழே விழுந்ததை மறுபடி டின்னில் போட வேண்டாம்.

உங்கள் வீடு கடலோரம் என்பதால் இதையும் சொல்கிறேன். குண்டு ஈயத்தால் ஆனது; உப்புக்காற்றிலும் ஈரத்திலும் அதன்மேல் வெள்ளைப் பொடி பூக்கும். மர அலமாரியிலிருந்து கசியும் அமில ஆவியும் அதைக் கூட்டும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொடி பூத்த குண்டை வெறுங்கையால் தொடக் கூடாது, ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். குண்டை வாயில் கவ்வும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ரேஞ்சிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே அவள் தட்டின் முன் உட்காரட்டும்.