மூன்றாவது சத்தம்

கேள்வி: எனக்கு 27 வயது. கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் வேலை. வீட்டில் அம்மாவும் நானும்தான். ஆறு மாதமாக இரவு இரண்டு மணிபோல நெஞ்சு படபடவென்று அடிக்க, கைகால் விறைத்து எழும்பிவிடுகிறேன். ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒன்றுமில்லை, பதற்றம்தான் என்றார்கள். யூடியூப்பில் பார்த்து ஒரு பயிற்சி செய்கிறேன். கண்ணில் படுகிற பொருள் 5, தொட்டு உணர்வது 4, காதில் விழுவது 3, மணம் 2, ருசி 1. காதுக்கு எனக்கு எப்போதும் அதே மூன்றுதான்: காற்றாடி, பல்லி, அம்மா செருப்போடு விறாந்தையில் நடக்கிற சத்தம். விடிய வெறுங்காலோடு முற்றத்து மண்ணிலும் நிற்கிறேன். கொஞ்சம் அடங்குகிறது, அடுத்த இரவு திரும்ப வருகிறது. யுத்தம் முடியும்போது எனக்கு வயது 11, பெரிதாக ஞாபகம் இல்லை. ஆகவே அதுவாக இருக்காது. அம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது. அவரைக் கவலைப்படுத்த விருப்பமில்லை. பயிற்சியில் நான் என்ன பிழை விடுகிறேன்?

பதில்: பிள்ளை, பயிற்சியில் பிழை இல்லை. எண்ணிக்கை சரி, வரிசை சரி. அந்த மூன்றாவது சத்தத்தைப் பற்றிக் கதைப்போம்.

இரவு இரண்டு மணிக்குப் பெற்ற தாய் வீட்டுக்குள் செருப்போடு நடந்து திரிகிறார். மகள் அதைப் பல்லிக்கு அடுத்ததாக எண்ணிவிட்டு மணத்துக்குப் போகிறார். ஆறு மாதம்! ஒரு நாளாவது கதவைத் திறந்து, "என்னம்மா, நித்திரை வரேல்லையோ" என்று கேட்டீரா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்.

அதுவும் செருப்போடு. எங்கள் வீடுகளில் செருப்பு வாசற்படியோடு நின்றுவிடும். விதானையார் வந்தாலும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். சின்ன வயதில் நீர் செருப்போடு குசினிக்குள் போய் ஏச்சு வாங்கியிருப்பீர். ஏசின அதே அம்மா இப்போது நடுச்சாமத்தில் செருப்போடு நடக்கிறார். காலில் வெடிப்பு இருக்கலாம், சீமெந்து நிலம் குளிராக இருக்கலாம். இங்கிருந்துகொண்டு நான் நோய்க்குப் பெயர் வைக்கப் போவதில்லை. ஆனால் 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று இடம் இடமாக ஒதுங்கின சனத்துக்கு இரவில் செருப்பு எதற்கு என்று தெரியும். கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு படுத்தார்கள், சிலர் காலிலேயே போட்டபடி. என் மாமியார் செட்டிகுளம் முகாமிலிருந்து வீடு வந்த பிறகும், கண்மூடும் நாள் வரைக்கும், அடையாள அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டுதான் படுப்பார். வீட்டில் எல்லோரும் சிரித்தோம், நானும்தான். இப்போது நினைக்கச் சுடுகிறது.

இனி உம்மிடம் வருகிறேன். "பெரிதாக ஞாபகம் இல்லை, ஆகவே அதுவாக இருக்காது" என்று எப்படி முடிவு கட்டினீர்? நினைவில் இல்லாததை உடம்பு மறக்காமல் வைத்திருப்பதுண்டு. அந்த மாதங்களில் பதினொரு வயதுப் பிள்ளைக்கு இருட்டில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால் என்ன அர்த்தம்? எழும்பு, பையை எடு, வெளிக்கிடு. நீர் எழும்பின பிறகுதான் அம்மா நடப்பது கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர். அந்தச் சத்தமே உம்மை எழுப்புகிறதோ? என் ஊகம்தான், பிழையாகவும் இருக்கலாம். அவர் எப்போது தொடக்கம் இப்படி நடக்கிறார் என்று விசாரித்தால் பாதி விளங்கிவிடும்.

"அம்மாவைக் கவலைப்படுத்த விருப்பமில்லை." இந்த வரி எனக்கு வராத கிழமை இல்லை. வரும்போதெல்லாம் கோபமும் வரும். உம்முடைய கவலையைச் சொன்னால் அவருடையதையும் கேட்க வேண்டி வரும், அதற்குத்தான் பயம். அவரும் உம்முடைய அறையில் லைற் எரிவதைப் பார்த்து, பிள்ளையை ஏன் கரைச்சல்படுத்துவான் என்று பேசாமல் நடப்பார். நான் பழைய ஆள். ஒரு கூரைக்குக் கீழே இரண்டு பேர் தனித்தனியே விழித்திருப்பது எனக்குக் குடும்பமாகத் தெரியவில்லை. பெற்றவளின் நித்திரையை விசாரிப்பது பிள்ளையின் கடமை. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி 2010இல் எழுதிய ஆய்வும் இந்தக் காயம் தனி ஆளோடு நிற்கவில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்கியது என்றுதான் சொல்கிறது. அப்படியிருக்க, நீர் மட்டும் அறையைப் பூட்டிக்கொண்டு சுகப்பட்டுவிடலாம் என்று பார்க்கிறீர்.

பயிற்சியை விட வேண்டாம், அது பொய் வேலை இல்லை. பதற்றத்தில் உடம்பு இல்லாத ஆபத்துக்கு மணி அடிக்கிறது. கண்ணும் கையும் காதும் இப்போது இங்கே இருப்பதைப் பிடித்துக் கொடுத்தால் மணி மெல்ல ஓயும். மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடும். வெளிவிடுகிற மூச்சு நீண்டால் நெஞ்சடிப்பு இறங்கும். முகத்தில் பச்சைத்தண்ணீர் அடித்தாலும் இறங்கும். ஆனால் நடுச்சாமத்தில் மட்டும் செய்தால் கைவராது, மனம் அமைதியாக இருக்கிற பகலிலும் பழக வேண்டும். பின்னேரத்தில் அம்மாவோடு இருந்து முருங்கையிலை உருவும். விரலுக்கு வேலை, பச்சை மணம், ஈர்க்கு முறிகிற சத்தம் எல்லாம் அதிலேயே கிடக்கிறது.

வெறுங்கால் கதை ஒன்று. மண்ணிலிருந்து ஏதோ மின்சாரம் உடம்பில் ஏறிச் சுகமாக்கும் என்று சில வீடியோக்கள் சொல்கின்றன. அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. உள்ளங்காலில் மண் குளிர்வதை உணர்ந்தால் போதும். அதுவும் கூட்டிப் பெருக்கின சொந்த முற்றத்தோடு நிற்கட்டும். கண்ணிவெடி அகற்றி முடியாத காணிகள் வன்னியில் இன்னும் இருக்கின்றன. மண்டையோட்டுப் பலகை தெரிகிற பக்கம் செருப்போடும் போகக்கூடாது.

இன்றிரவு எழும்பினால் மூச்சை விட்டு, முகம் கழுவி, கதவைத் திறவும். தேத்தண்ணி போட வேண்டாம், அந்த நேரத்துச் சாயம் நெஞ்சடிப்பைக் கூட்டும். மல்லித்தண்ணி வையும். அம்மாவை இருத்தும். எடுத்த எடுப்பில் 2009ஐக் கேட்க வேண்டாம். வற்புறுத்திச் சொல்ல வைத்தால் புண் பெரிதாகும். உம்முடைய நெஞ்சடிப்பை முதலில் சொல்லும். அவர் சொன்னால் கேளும், சொல்லாவிட்டால் பக்கத்தில் சும்மா இரும். செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டாம்.

இரண்டு மூன்று கிழமை இப்படிப் போயும் நித்திரை திரும்பாவிட்டால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு இருவரும் ஒரே ஓட்டோவில் போங்கள். உங்களில் யாருக்காவது செத்துப்போகலாம் போல எண்ணம் வந்தால் கிழமைக் கணக்கெல்லாம் பார்க்கக்கூடாது, உடனே போக வேண்டும். இரவென்றால் 1926க்கு எடுக்கலாம். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்நேரமும் ஆள் இருக்கும். வைத்தியசாலையில் துண்டு போடுகிறவர் யாருக்குக் காட்ட வந்தது என்று கேட்பார். இரண்டு பேருக்கும் என்று சொல்லும்.