லாரியில் வராத பாதி வீடு: கிட் வீடு கேள்வி-பதில்

கிட் வீடு என்றால், தொழிற்சாலையில் செய்த சட்டம், சுவர்ப் பேனல், கூரைத் தகடு எல்லாம் லாரியில் வந்து, மனையில் மாட்டி நிறுத்துகிற வீடு. கடைக்கால் அந்த லாரியில் வராது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விலையைப் பற்றியவை. கடைக்காலைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர். அவருக்குத்தான் முதல் பதில்.

கே: கோவில்பட்டி பக்கம் 5 சென்ட் கரிசல் நிலம். 700 சதுர அடியில் ஸ்டீல் ஃபிரேம் கிட் வாங்கப் போகிறேன். எடை குறைவு என்பதால் 4 அங்குலக் கான்கிரீட் தரை போட்டு அதன்மேல் நிறுத்திவிடலாம் என்கிறார்கள். சரியா?

ப: தவறு. கரிசல் மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். கனமான வீட்டையே அசைக்கிற மண், இலேசான வீட்டை இன்னும் சுலபமாகத் தூக்கும். ஒரு மூலை அரை அங்குலம் எழும்பினால் போதும். கதவு சிக்கும், போர்டு இணைப்புகள் பிளக்கும். அண்டர்-ரீம்டு பைல், அதாவது மண்ணுக்குள் இறக்கும், அடியில் குமிழ் வைத்த கான்கிரீட் தூண், அதன்மேல் மண்ணைத் தொடாத பிளிந்த் பீம் (சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம்), இதுதான் கரிசலுக்கு ஏற்றது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்த மாதிரி மண்ணுக்காகவே உருவாக்கிய முறை. பைல் பத்துப் பன்னிரண்டு அடி ஆழம் போகும். முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள், அப்புறம் முன்பணம் கொடுங்கள்.

கே: கோவையில் சதுர அடி 1,400 ரூபாய்க்குக் கிட் தருகிறார்கள். லாபமா?

ப: அந்த 1,400-க்குள் என்னென்ன அடக்கம் என்று எழுதவே இல்லை. நிலத்தின் அளவு, சாலையின் அகலம் எதுவும் இல்லை. இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. கடைக்கால், செப்டிக் டேங்க், வயரிங், குழாய் வேலை, டைல்ஸ், இறக்குகூலி, 18 சதவீத ஜிஎஸ்டி இவையெல்லாம் பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். சேர்த்துப் பார்த்தால் 2,000-ஐத் தாண்டிவிடும். எது உள்ளே, எது வெளியே என்று எழுத்தில் வாங்குங்கள்.

கே: பிரித்து மாட்டக்கூடிய வீடுதானே, அனுமதி எதற்கு? (திருச்சி)

ப: குடியிருக்கக் கட்டுகிறீர்கள், அனுமதி வேண்டும். 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம் என்றால், 2024-இல் வந்த சுயசான்று முறையில் இணையத்திலேயே சுலபமாக வாங்கலாம். மனை அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை வரன்முறை செய்யுங்கள். கிட் எங்கும் ஓடிப்போகாது.

கே: நாகப்பட்டினம் அருகே கடலிலிருந்து 2 கிலோமீட்டரில் எங்கள் நிலம். பேனல் 180 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் என்று சான்றிதழ் காட்டுகிறார்கள். நம்பலாமா?

ப: சான்றிதழ் பேனலுக்கு. பறப்பது பேனல் அல்ல, வீடு.

கஜா புயல் அடித்த அடுத்த வாரம், 2018 நவம்பரில், வேதாரண்யம் பக்கம் ஒரு கிட் வீட்டைப் பார்த்தேன். கூரையில் ஒரு தகடுகூடக் கிழியவில்லை. சட்டத்தோடு சேர்ந்து அப்படியே அடுத்த தென்னந்தோப்பில் கிடந்தது. சுவரின் அடிச்சட்டத்தை 4 அங்குலத் தரையில் துளைபோட்டு, விரல் நீள எக்ஸ்பான்ஷன் போல்ட்டால் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) பிடித்திருந்தார்கள். அத்தனையும் கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தன. அந்தக் குடும்பம் பள்ளிக்கூடத்து முகாமில் இருந்ததால் உயிர் தப்பியது. இன்றைக்கும் இப்படித்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் என் ஆற்றாமை.

கணக்கைப் பாருங்கள். கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்றைச் சொல்லும் இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி, மதுரைக்கும் கோவைக்கும் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். கடற்கரையில் உள்ள சென்னைக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 1,000 சதுர அடிக் கூரையை மேலே உறிஞ்சும் விசை சுமாராக 10 டன்னுக்கு மேல். 5 அங்குலக் கான்கிரீட் கூரையின் எடை 30 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் அது தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கும். தகடு, டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்), சீலிங் எல்லாம் சேர்ந்த கிட் கூரை 3 டன் இருந்தால் அதிகம். மீதி 7 டன்னை யார் பிடிப்பது? போல்ட்தான். கான்கிரீட் வீடு எடையால் நிற்கிறது, கிட் வீடு போல்ட்டால் நிற்கிறது. காலம் காலமாகக் கனமான வீடு கட்டிப் பழகிய மேஸ்திரிகளுக்கு, வீட்டைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணமே வருவதில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது கிட் விற்பவர்.

தகட்டு ஸ்க்ரூவிலிருந்து பர்லின் (தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), பர்லினிலிருந்து டிரஸ், அங்கிருந்து சுவர்க்கால், அடிச்சட்டம், ஆங்கர் போல்ட், கடைக்கால் என்று விசை ஒரு சங்கிலியாக இறங்குகிறது. ஒரு கண்ணி விட்டாலும் எல்லாம் போச்சு. கான்கிரீட் போடும்முன்பே டெம்ப்ளேட் வைத்து, கம்பிக்கூட்டோடு கட்டி நிறுத்திய ஆங்கர் போல்ட்தான் வேண்டும். மூலைகளிலும் கதவு, ஜன்னல் ஓரங்களிலும் சுவரைக் கடைக்காலோடு இழுத்துப் பிடிக்கும் ஹோல்டு-டவுன் பிடிகள் வேண்டும். கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட போல்ட் வரைபடம் கேளுங்கள். அது கைக்கு வராமல் கடைக்கால் தோண்டாதீர்கள், முன்பணமும் கொடுக்காதீர்கள். தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கே: வங்கிக் கடனில் கிட் வாங்கலாமா?

ப: வாங்கலாம், ஆனால் இடறும். வங்கி வேலை முடிந்த அளவுக்குத் தவணை விடும். கிட்காரரோ லாரி கிளம்பும்முன் 90 சதவீதம் கேட்பார். இடையில் உள்ள பணத்தை எங்கிருந்து கொண்டுவருவீர்கள் என்று ஒப்பந்தத்துக்கு முன்பே வங்கியில் உட்கார்ந்து பேசி, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கே: தெரு 12 அடிதான். ஐஐடி மெட்ராஸ் கட்டிக்காட்டிய ஜிப்சம் பேனல் வீடு எங்களுக்குச் சரிவருமா?

ப: சிரமம். நல்ல தொழில்நுட்பம்தான், 2013-இல் அவர்கள் வளாகத்திலேயே இரண்டு மாடி கட்டிக்காட்டினார்கள். ஆனால் முழுப் பேனல் 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். அறை அளவுக்கு வெட்டி வந்தாலும் தூக்கி நிறுத்தக் கிரேன் வேண்டும். 12 அடித் தெருவில் கிரேன் கால் விரிக்க முடியாது. ஆள் சுமக்கக்கூடிய ஸ்டீல் ஃபிரேமைப் பாருங்கள்.

கே: சுவரில் கீசர், டிவி மாட்டலாமா என்று அம்மா பயப்படுகிறார்.

ப: அம்மா கேட்டது நல்ல கேள்வி. வெறும் போர்டு தாங்காது. எங்கெங்கே என்ன மாட்டப் போகிறீர்கள் என்று முன்பே குறித்துக்கொடுத்தால், போர்டு அடிக்கும்முன் உள்ளே குறுக்குச் சட்டமும் பிளைவுட்டும் வைப்பார்கள். ஃபேனுக்கும் அப்படித்தான். மூடுவதற்குமுன் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

கே: சைட்டில் சட்டங்களைக் கிரைண்டரால் வெட்டுகிறார்கள், பரவாயில்லையா?

ப: உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பொறியும் சூடும் துத்தநாகப் பூச்சைப் பொசுக்கும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். தகடு வெட்டும் கத்திரி அல்லது நிப்லர் (பொறி பறக்காமல் கடித்து வெட்டும் கருவி) போதும். நிறைய வெட்ட வேண்டியிருக்கிறது என்றால் கடைக்கால் அளவு கிட் அளவோடு பொருந்தவில்லை என்று அர்த்தம். டேப்பை எடுத்து மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று அளந்து பாருங்கள்.

கே: பின்னால் மாடி எடுக்கலாமா?

ப: இப்போதே சொன்னால் எடுக்கலாம். கடைக்காலும் போல்ட்டும் அதற்கேற்பப் போட வேண்டும்.

கே: கூரைத் தகட்டுக்கு என்ன நிறம் நல்லது?

ப: வெள்ளை, அல்லது வெள்ளைக்கு நெருங்கிய எதுவும். கரும்பச்சை வேண்டாம்.