தின்று கெட்ட ஊர் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். நவம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். வழியில் ஒசாகா. காலை எட்டரைக்கு இறங்கினால் மறுநாள் மாலை ஐந்தரைக்குத்தான் அடுத்த விமானம். சுற்றிப் பார்க்க ஆசையில்லை, சாப்பிட ஆசை. யூடியூப் பார்த்துப் பதினாறு இடங்கள் குறித்து வைத்திருக்கிறேன். தக்கோயாக்கி, ஒக்கொனொமியாக்கி, குஷிகட்சு, ராமென், குரோமோன் சந்தை, இக்கேதாவில் கப் நூடுல்ஸ் அருங்காட்சியகம், முடிந்தால் கியோட்டோவுக்கும் ஒரு எட்டு. எதை முதலில், எதைப் பிறகு என்று வரிசை மட்டும் சொல்லுங்கள். நான் மாட்டிறைச்சி தவிர எல்லாம் சாப்பிடுவேன். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

மீனாட்சி

அன்புள்ள மீனாட்சி,

வரிசை இருக்கட்டும், முதலில் பட்டியலை அடிப்போம். முப்பத்து மூன்று மணி நேரம் கையில் இருப்பதாக நினைக்கிறீர்கள். உங்கள் கையில் இருப்பது நான்கு பசி. மிஞ்சிப்போனால் ஐந்து. அதை வைத்துப் பதினாறு இடத்தில் எப்படிச் சாப்பிடுவது?

நான் பட்டு அறிந்ததைச் சொல்கிறேன். முதல்முறை போனபோது ஊருக்குள் நுழைந்ததுமே ஒரு தெருக்கடையில் எட்டுத் தக்கோயாக்கி, அதாவது ஆக்டோபஸ் துண்டு வைத்த மாவுருண்டை, வாங்கி, முதல் உருண்டையை அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன். வெளியே ஆறியதுபோல இருக்கும், உள்ளே கொதிக்கும் கூழ். மேலண்ணம் தோலுரிந்து, அன்று முழுக்க எதைத் தின்றாலும் சூடு மட்டும்தான் தெரிந்தது. ஆகவே குச்சியால் குத்திப் பிளந்து, ஆவி போனபின் சாப்பிடுங்கள். இருவருக்கு ஒரு தட்டு என்பதெல்லாம் உங்களுக்கு இல்லை, அம்மா தொடமாட்டார். ஆறு போதும்.

கியோட்டோ, இக்கேதா இரண்டையும் அடித்துவிடுங்கள். ராமெனையும் அடிக்கலாம். அது எங்கும் கிடைக்கும், ஒசாகாவின் நூடுல் தடித்த கோதுமை உடோன்தான்.

ஏன் உடோன் என்று கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், அதில்தான் இந்த ஊரே இருக்கிறது. எடோ காலத்து (1603–1868) ஒசாகாவை நாட்டின் அடுக்களை என்பார்கள். பல பிரபுக்களின் நெல் இங்கே கிடங்குகளில் குவிந்தது. 1730-இல் தோஜிமா அரிசிச் சந்தையில் வருங்கால விலைக்கு வியாபாரம் செய்ய அரசே அனுமதித்தது. வடக்கே ஹொக்கைதோவிலிருந்து கப்பல்கள் மேற்குக் கடலோரமாகவே சுற்றிவந்து கொம்பு இறக்கின. நம் மாட்டுக்கொம்பு அல்ல, தடித்த பட்டையான கடற்பாசி. இந்தப் பக்கத்து நீர் மென்னீர். அதில் கொம்பின் சுவை நன்றாக இறங்கும். அதோடு கட்சுவோபுஷியைச் சீவிப்போட்டு வடித்தால் தாஷி என்னும் சாறு. கட்சுவோபுஷி உங்களுக்குப் புதிதல்ல. நம் தென்கரையிலும் இலங்கையிலும் இடித்துச் சம்பலுக்குப் போடும் மாசி இருக்கிறதே, அதன் ஜப்பானியப் பங்காளி. இரண்டும் சூரை மீன்தான், அவித்துப் புகையூட்டிக் காயவைப்பது. டோக்கியோவில் உடோன் சாறு கறுப்பாக இருக்கும். இங்கே நிறம் வெளுத்த சோயா சாஸ் சேர்ப்பதால் கிண்ணத்தின் அடி தெரியும். பார்க்கச் சப்பென்று இருக்கும். குடித்துப் பாருங்கள்.

எனவே முதல் பசி உடோனுக்கு. விமான நிலையத்திலிருந்து நன்காய் என்ற நிறுவனத்தின் ரயிலில் ஊருக்குள் நம்பா வந்துவிடுங்கள், முக்கால் மணிநேரம். தங்குவதும் நம்பாவிலேயே இருக்கட்டும், பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு நடக்கலாம். மினாமிசெம்பாவில் உசாமிதேய் மட்சுபாயா என்று 1893-இல் தொடங்கிய கடை. கிட்சுனே உடோன் பிறந்த இடம் என்று சொல்வார்கள். கிட்சுனே என்றால் நரி. நரிக்குப் பிடித்ததாம், இனிப்பாக ஊறிய பொரித்த தோஃபு மேலே கிடக்கும். அன்று விடுமுறையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலையில் தக்கோயாக்கி. அய்சுயா என்ற கடைதான் 1935-இல் மாவுருண்டைக்குள் ஆக்டோபஸ் துண்டை வைத்தது. இன்றும் அவர்கள் சாஸ் ஊற்றாமலே தருகிறார்கள், மாவிலேயே தாஷி இருக்கிறது. அதே ஆண்டுதான் தோத்தோன்போரி கால்வாய்க்கரையில் கிளிகோ மிட்டாய் நிறுவனத்தின் விளம்பரப் பலகையில் ஓடும் மனிதனும் முதலில் ஏறினான். அவனைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

இரவு ஷின்செக்காய்ப் பேட்டையில் குஷிகட்சு. குச்சியில் குத்திப் பொரித்தது. பொதுக் கிண்ணத்துச் சாஸில் ஒருமுறைதான் தோய்க்கலாம், கடித்தபின் மறுபடி தோய்த்தால் குற்றம். இந்த விதியை வருகிறவர்களுக்கு விளக்க அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். நமக்கு எச்சில் என்ற ஒரு சொல் போதும். கொரோனாவுக்குப் பிறகு பல கடைகளில் சாஸ் பாட்டிலில் வந்துவிட்டது.

மறுநாள் காலை குரோமோன் சந்தையை வேடிக்கை மட்டும் பாருங்கள், இப்போது அங்கே பயணிகளுக்கான விலை. பதினொன்றரைக்கு ஒக்கொனொமியாக்கி. முட்டைக்கோசும் மாவும் கலந்து இரும்புக்கல்லில் வார்ப்பது. உள்ளூர்க்காரர்கள் இதற்குச் சோறு தொட்டுக்கொள்வார்கள். ஊத்தப்பத்துக்குச் சோறு கேட்பதுபோல! ஒன்றரைக்கு ரயில் ஏறிவிட வேண்டும்.

அம்மா விஷயம்தான் கடினம். இத்தனை நேரம் புகழ்ந்த தாஷிதான் அவருக்கு எதிரி. காய்கறி உடோன் என்றாலும் சாறு மீன். பொரித்த தோஃபுத் தோலுக்குள் சோறு அடைத்த இனாரி சுஷி பார்க்கச் சைவம், அந்தத் தோஃபுத் தோலையும் பெரும்பாலும் தாஷியில்தான் வேகவைக்கிறார்கள். மீன் வேண்டாம் என்றால் மீன்துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள், மனமார. “சகானா நோ தாஷி மோ தாபேராரேமாசென்”, அதாவது மீன் சாறும் ஆகாது, என்பதை ஜப்பானிய எழுத்தில் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைகளில் அவர் காத்திருக்க வேண்டாம். நம்பா ரயில் நிலையத்தோடு ஒட்டியே தக்காஷிமாயா, அதன் அடித்தளம் முழுக்கத் தின்பண்டம். நவம்பரில் சீமைப்பனிச்சை, அதாவது பெர்சிமன், குவிந்திருக்கும். பயற்றங்கூழ் வைத்த மோச்சி என்னும் அரிசிக் கொழுக்கட்டை, சுட்ட சர்க்கரைவள்ளி, எல்லாம் அவர் பல்லுக்கும் சரி. இரவுக்கு ஓர் இந்திய உணவகத்தை இப்போதே பார்த்து வையுங்கள். கொம்பு மட்டும் போட்ட சாறு வேண்டுமென்றால் புத்த மடத்துச் சைவச் சமையல் உண்டு, முன்பதிவு இல்லாமல் பெரும்பாலும் கிடைக்காது.

கியோட்டோக்காரன் உடுத்திக் கெட்டான், ஒசாகாக்காரன் தின்று கெட்டான் என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. கியோட்டோவை அடித்ததில் புடவைச் செலவாவது மிச்சம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.