ஆடிட்டுக்காக இன்னொரு மஸ்டர் எழுதச் சொல்கிறார்கள், மறுத்தால் வேலை போகுமா?

கேள்வி: பேரணாம்பட்டு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருக்கிறேன். எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வேலையையும் ஓ.டி.யையும் (கூடுதல் நேர வேலை) மறைத்து, மூன்று மாதத்துக்குப் புது மஸ்டர் (வருகைப் பதிவேடு) எழுதச் சொல்கிறார் ஹெச்.ஆர். மேனேஜர். ஓ.டி.க்கு இங்கே ஒற்றைச் சம்பளம்தான், அதுவும் கையில். போன வருஷம் பயந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: எழுதாதீர்கள். முதலாளியின் கணக்கை ஏமாற்றும் நோக்கத்தோடு பொய்யாக எழுதுவது பாரதிய நியாய சன்ஹிதா 344ஆம் பிரிவின்படி குற்றம், 7 ஆண்டு வரை சிறை. அந்தப் பிரிவு முதலில் பெயர் சொல்வதே கிளார்க்கைத்தான். மேனேஜர் சொன்னது வாய்ச்சொல். மஸ்டரில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து.

தையல் லைனில் இருக்கும் பெண்களையும் நினைத்துப் பாருங்கள். நாள் கூலி 480 ரூபாய் என்றால் மணிக்கு 60. ஓ.டி.க்கு இரட்டிப்பு, அதாவது 120. இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்றவருக்கு 240 ரூபாய் சேர வேண்டும், பாதிதான் கைக்கு வருகிறது. மீதியைக் கேட்க அவர்களுக்கு இருக்கும் ஆதாரமே அந்தப் பழைய மஸ்டர்தான்.

பொய் மஸ்டர் ஆடிட்டில் நிற்பதும் அரிது. ஞாயிறு லீவு என்று மஸ்டர் சொல்லும். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் குறித்து வைக்கும் பதிவேட்டில், அதே தேதியில் ஊசித் துண்டு செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கும். கேட் ரிஜிஸ்டரும் புரொடக்ஷன் ஷீட்டும் அதையே சொல்லும். மாட்டியதும் 'கிளார்க் தப்பாக எழுதிவிட்டார்' என்பார்கள்.

மேனேஜருக்குப் பணிவாக ஒரு மெயில் அனுப்புங்கள்: "சார், மூன்று மாத மஸ்டரை மாற்றி எழுதும்படி இன்று சொன்னீர்கள். பஞ்சிங் பதிவுக்கு மாறாக எழுத எனக்குத் தயக்கமாக உள்ளது. எழுத்தில் உத்தரவு தரவும்." பெரும்பாலும் பதில் வராது. ஆனால் நீங்கள் மறுத்ததற்குத் தேதியோடு சாட்சி கிடைத்துவிடும். யார், எப்போது, என்ன சொன்னார் என்று அன்றன்றே நோட்டில் குறியுங்கள். வாட்ஸ்அப் தகவல்களை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். அசல் மஸ்டரை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகவே கூடாது, திருட்டுப் புகாரை உங்கள் மேலேயே திருப்புவார்கள்.

கம்பெனி வங்கிக் கடன் 50 கோடியைத் தாண்டியிருந்தால், முறைகேட்டைத் தெரிவிக்க உள் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்கிறது கம்பெனிச் சட்டத்தின் 177ஆம் பிரிவு. நோட்டீஸ் போர்டில் பையரின் புகார் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் பலிக்காவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதுங்கள். பெயரை ரகசியமாக வைக்கும்படி மனுவிலேயே கேளுங்கள்.

போன வருஷத்து மஸ்டரைத் திருத்தவோ கிழிக்கவோ வேண்டாம், மெயிலில் அதைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். பயந்து எழுதியது உங்கள் தரப்பில் பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் முதலில் அதை ஒரு வக்கீலிடம் நேரில் சொல்லுங்கள்.

வேலை போகுமா என்றால், நேரடியாக நீக்குவதைவிட ராஜினாமா எழுதி வாங்கவே பார்ப்பார்கள். எவ்வளவு நெருக்கினாலும் அதிலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கிளார்க் வேலை தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருவதால், நீக்கினால் சமரச அதிகாரியிடமும் பிறகு தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் மன்றத்திலும் முறையிடலாம். செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள்.