ஏதென்ஸ் ஜனநாயகம்: ஓட்டா, குலுக்கலா?

கேள்வி: சார், நாம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போடுவது பழைய கிரேக்கர்களிடமிருந்து வந்ததுதானே?

பதில்: பெயர் வந்தது. தேமோஸ் என்றால் மக்கள், கிராதோஸ் என்றால் அதிகாரம். பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் வழக்கமோ இடைக்கால ஐரோப்பாவில் வளர்ந்தது. ஏதென்ஸில் 10 தளபதிகள் போன்ற சில பதவிகளைத்தான் தேர்தலில் நிரப்பினார்கள். பெரும்பாலான பதவிகள் குலுக்கலில் போயின. 500 பேர் கொண்ட மன்றத்துக்குக் குலம் ஒன்றுக்கு 50 பேர், பதவி ஒரு வருஷம், ஆயுளில் இரண்டு முறைதான். குலுக்கல் ஜனநாயகத்தின் குணம், தேர்தல் சிலராட்சியின் குணம் என்றுதான் அரிஸ்டாட்டில் சொல்கிறார். பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் எதிலும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: குலுக்கலுக்கு ஏதோ கல் இயந்திரம் இருந்ததாமே? எப்படி ஓடியது?

பதில்: கிளெரோதீரியான் என்று பெயர். நிமிர்த்தி வைத்த கல்பலகை, அதில் வரிசை வரிசையாக மெல்லிய பிளவுகள், பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரு குழாய். ஜூரிக்கு, அதாவது வழக்கில் தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழுவுக்கு, வருகிறவர் கையில் தன் பெயர், தந்தை பெயர், ஊர் எழுதிய சீட்டு இருக்கும். அதைப் பிளவுகளில் செருகுவார்கள். மேலிருந்து கீழே ஐந்து பத்தி உள்ள கல் என்றால் குறுக்கு வரிசைக்கு ஐந்து பேர். 50 பேர் வேண்டுமா? பத்து வெள்ளைக் காய், மீதி வரிசைகளுக்குக் கறுப்புக் காய், எல்லாவற்றையும் கலந்து குழாயில் போடுவார்கள். கீழே ஒவ்வொன்றாக விடுவார்கள். வெள்ளை வந்தால் அந்த வரிசை ஐந்து பேரும் உள்ளே, கறுப்பு வந்தால் ஐந்து பேரும் வீட்டுக்கு.

அதோடு விடவில்லை. எந்த நீதிமன்றம் என்பதற்கு மறுபடி ஒரு குலுக்கல். கையில் ஒரு வண்ணக்கோல் கொடுப்பார்கள். வாசல் நிலையின் மேல்கட்டையில் அதே வண்ணம் பூசியிருக்கும். இத்தனையும் விசாரணை நாள் காலையில் நடப்பதால், யாருக்கு லஞ்சம் கொடுப்பதென்று முந்தின இரவு யாருக்கும் தெரியாது.

கேள்வி: ரகசிய ஓட்டு உண்டா?

பதில்: உண்டு. ஒவ்வொரு ஜூரிக்கும் இரண்டு வெண்கல வட்டுகள், நடுவில் சிறு அச்சு. துளையுள்ள அச்சு வழக்குத் தொடுத்தவருக்கு, துளையில்லாதது எதிராளிக்கு. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அச்சின் இரு முனைகளையும் மூடிப் பிடித்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. வெண்கலக் குடத்தில் போட்டதுதான் கணக்கு. மரக்குடத்தில் போட்டது கழிவு. சமமாக வந்தால் எதிராளி தப்பித்தார்.

கேள்வி: பிடிக்காத தலைவரை ஊரைவிட்டே அனுப்பினார்களாமே, அதில் கோல்மால் நடக்கவில்லையா?

பதில்: நடந்த மாதிரிதான் தெரிகிறது. உடைந்த பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போடுவார்கள். மொத்தம் 6000 ஓடாவது சேர்ந்தால்தான் செல்லும். அதிகம் பேர் எழுதிய ஆள் 10 வருஷம் வெளியேற வேண்டும், சொத்து மட்டும் அவரிடமே இருக்கும். ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றுச் சரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவரின் பெயர் எழுதிய சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் சுமார் 14 பேர் எழுதியவை. முன்கூட்டியே எழுதி வைத்து வருகிறவர்களுக்கு நீட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் உத்திரமேரூர் குடவோலை கிரேக்கத்திலிருந்து வந்ததா?

பதில்: தொடர்பு காட்டும் சான்று இல்லை. பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏதென்ஸ் முறை அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் முந்தியது. ஒரே சிக்கலுக்கு இரண்டு ஊர்கள் தனித்தனியே கண்ட தீர்வு. வித்தியாசமும் உண்டு: உத்திரமேரூரில் நிலம், சொந்த வீடு, வயது 35 முதல் 70, வேதப் படிப்பு என்று முன்பே வடிகட்டிவிட்டுத்தான் குடத்துக்குள் பெயர் போடுவார்கள்.

கேள்வி: இன்று யாராவது குலுக்கலைப் பயன்படுத்துகிறார்களா?

பதில்: அயர்லாந்து. 2016இல் அமைந்த குடிமக்கள் பேரவையில் 99 சாதாரண மக்கள், தலைமைக்கு ஒரு நீதிபதி. கருக்கலைப்புத் தடையைத் தளர்த்தலாம் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். 2018 மே வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் ஆதரவு. ஆனால் ஆள் சேர்க்கும் வேலையைப் பேட்டியாளர்களிடம் விட்டிருந்தார்கள். இடையில் காலியான இடங்களுக்கு ஒரு பேட்டியாளர் தெரிந்தவர்கள் மூலம் 7 பேரைச் சேர்த்தது 2018இல் தெரியவந்து, அவர்களை நீக்கினார்கள். அவர்கள் வந்தது கருக்கலைப்பு விவாதம் முடிந்த பிறகு. அதனால் அந்தப் பரிந்துரைக்குப் பாதிப்பில்லை. ஏதென்ஸில் காய் விழுவதை எல்லோரும் நேரில் நின்று பார்த்தார்கள்.